ஏழுமலை பாதியில் நிறுத்திய நாவல்

போன வாரம் என் மகன் புத்தக அலமாரியைக் காலி செய்யச் சொன்னான். படூரில், எட்டாவது மாடியில் இருக்கும் இந்த வீட்டில் அலமாரி நிற்கிற இடத்துக்குப் புது வாஷிங் மெஷின் வருகிறதாம். "அப்பா, இதையெல்லாம் இனிமே யாரு படிக்கப் போறா? வேணுங்கிறத எடுத்து வெச்சுக்கோங்க, மீதிய பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடலாம்" என்றான். நியாயம்தான். நானே பல வருடமாகத் தொடாதவை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல் தானாகவே நடுவில் திறந்துகொண்டது. பக்கத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது ஒரு மீன் செதில். கட்டைவிரல் நகத்தளவு, கண்ணாடி மாதிரி. கொடுவா மீனின் செதில்.

இத்தனை காலம் கழித்து அதில் வாடை இருக்க வழியில்லை. ஆனாலும் எனக்கு அடித்தது. மீன் வாடைகூட இல்லை. மழை விட்ட சவுக்குத் தோப்பின் வாடை, பிளாஸ்க் டீயின் வாடை.

அந்த டீயை என் மனைவி போட்டுக் கொடுத்தனுப்புவாள். தொண்ணூறுகளில் நாங்கள் கடலோரத்து ஆராய்ச்சி நிலையக் குடியிருப்பில் இருந்தோம். நெல்லை, தஞ்சை, கோவை என்று எல்லா ஊர்க்காரர்களும் மாதச் சம்பளத்துக்கு வந்து சேர்ந்த இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் தோப்பில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து நாவல் பேசுவோம். எந்த நாவல் என்று முடிவு செய்வது நான். இலக்கியம் படித்துவிட்டு நிர்வாகப் பிரிவில் கோப்பு தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு வாரம் ஒரு நாள் பேராசிரியர் வேடம். விடுவேனா?

ஏழுமலை தன் படகில் பிடித்த மீனை மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டி எங்கள் குடியிருப்புக்குக் கொண்டுவருவார். திருவிடந்தை பக்கத்துக் குப்பம். பத்தாவது வரை படித்தவர். ஒரு ஞாயிறு வண்டியை நிறுத்திவிட்டு ஜமுக்காளத்தின் ஓரத்தில் குந்தினார். அப்புறம் வராத வாரமே இல்லை. புத்தகம் வாங்கிப் போய்ப் படித்து முடித்துத்தான் திருப்பித் தருவார். அடையாளத்துக்கு மீன் செதில். அந்த நாளில் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். காலம் கடந்த மரியாதை, வேறென்ன.

நாங்கள் எல்லோரும் கதாநாயகன் ஏன் வீழ்ந்தான் என்று பேசுவோம். ஏழுமலைக்கு அதில் அக்கறை கிடையாது. "அவன் வுயுந்தது இருக்கட்டும் சார். மொதல்ல எப்டி ஏறினான், அத்த சொல்லு" என்பார். ஒன்றுமில்லாமல் ஊரை விட்டுக் கிளம்பிய ஒருவன் முதல் கடை திறக்கும் இடம் வந்தால் போதும், இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்வார்.

காரணம் இருந்தது. குப்பத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடியிருக்கும் மணலுக்கே பட்டா கிடையாது. ஏழுமலைக்கு மட்டும் சாலைக்கும் கடலுக்கும் நடுவே சவுக்கு நின்ற ஒரு துண்டு நிலம், அவர் பெயரிலேயே பட்டாவோடு இருந்தது. சாலையை அகலமாக்கும் வேலை தொடங்கியிருந்த நேரம். "மெட்ராஸ்காரன் கார எட்த்துகினு வருவான் சார். கடலப் பாத்துகினே குந்தி மீன் துன்ற மாரி ஒரு கடை. மேல நாலு ரூமு. பேங்க்ல லோன் தரேன்றான். மாசச் சம்பளக்காரரு ஒருத்தரு ஜாமீன் கையெழுத்து போடணுமாம். நீ போட்டா போதும் சார்."

போடுகிறேன் என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். நிலத்தைப் பார்த்துவிடலாமே என்று மறுநாள் சாயங்காலம் போனேன்.

போயிருக்கக் கூடாது. தோப்பின் முடிவில் மணல் மேடு, அதன் கீழே கடல். அந்த மேட்டில் நின்றபோதே ஒரு வீடு எழும்பிவிட்டது: கடலைப் பார்த்த ஜன்னல், நான்கு சுவரிலும் புத்தகம், நடுவில் நான். திரும்பி வரும் வழியில் ஏழுமலையின் மீன் கடை என் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்தது.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த மூன்று மாதத்துக்கு வாசிக்க வேண்டிய நாவல்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எல்லாமே ஆசைப்பட்டவன் அழிகிற கதைகள். ஒருவன் பணம் சேர்த்துப் பைத்தியமானான், ஒருவன் மாளிகை கட்டி அதிலேயே தனியாகச் செத்தான். ஒவ்வொரு வாரமும் நான் தொண்டை கரகரக்கப் பேசினேன். பேசும்போதெல்லாம் ஏழுமலையைப் பார்த்துத்தான் பேசினேன்.

ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், வாரா வாரம் துட்டு சேத்தவனாப் பாத்து சாவடிக்கிறியே? இத்தெல்லாம் எய்தினவன் மாசச் சம்பளக்காரனா?"

ஜமுக்காளமே குலுங்கியது. நானும் சிரித்தேன். கையில் இருந்த டீ என் வேட்டியில் சிந்தியது.

கையெழுத்தை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். சம்பளச் சான்றிதழ் வரவில்லை என்றேன். மேலதிகாரி விடுப்பு என்றேன். சான்றிதழ் வந்து என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கடைசியில் வங்கியில் ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடு வைத்தார்கள். அன்று நான் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். பகல் பதினோரு மணிக்கு, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ஏழுமலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஜன்னல் வழியே முதலில் பார்த்தது நான்.

"நான் இல்லைன்னு சொல்லிடு" என்றேன் மனைவியிடம்.

"எதுக்குங்க? பாவம், இவ்ளோ தூரம் வந்திருக்காரு."

"சொல்லுன்னா சொல்லு."

படுக்கையறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். மின்விசிறி ஓடினால் சத்தம் கேட்கும் என்று அதை நிறுத்தியிருந்தேன். வியர்வை முதுகில் வழிவது தெரிந்தது.

"அம்மா, சார் கீறாரா?"

"இல்லப்பா. வெளியில போயிருக்காரு."

"எப்ப வருவாரு? ரெண்டு மணிக்குள்ள பேங்குக்குப் போவணும். குந்தினு இருக்கட்டா?"

"சாயந்தரம் ஆயிடும்னாருப்பா."

போய்விட்டார் என்று நினைத்து மூச்சு விட்டேன். போகவில்லை. திரைச்சீலையின் இடுக்கில் பார்த்தேன். அவர் தலை குனிந்து படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படியில் என் செருப்பு கிடந்தது. எனக்கு இருந்தது ஒரே ஜோடி என்பது அந்தக் குடியிருப்புக்கே தெரியும்.

"சரிம்மா" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "சாரு வெறுங்காலோட போயிருக்காரு. மண்ணு சுடும். பாத்து வரச் சொல்லு."

கையில் இருந்த நாவலை வாசல் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். மனைவி அதை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். நான் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஏழுமலை வரவில்லை. மீனும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஜமுக்காளத்தில் யாரோ கேட்டார்கள், தெரியவில்லை என்றேன். அடுத்த வருடம் அவருடைய படகு பாறையில் மோதி உடைந்ததாகவும், நிலத்தை ஒரு தரகர் மூலம் விற்றுவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்பதே பொய். அந்தத் தரகரை அனுப்பியவன் நான். பத்திரம் என் மைத்துனன் பெயரில் ஆனது.

வீடு கட்டினேன். நான்கு சுவரிலும் புத்தகம் அடுக்கினேன். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்தது. புத்தகங்கள் ஈரம் குடித்து உப்பின. மனைவி ஒரு நாள்கூட அங்கே தங்கச் சம்மதிக்கவில்லை. ஐந்தாறு வருடம் பூட்டிக் கிடந்த பிறகு ஒரு ஓய்வு விடுதிக்காரர்களுக்கு விற்றேன். நாவல்களில் வருகிறவர்களுக்கு நேர்ந்த எதுவும் எனக்கு நேரவில்லை. அழியவில்லை, பைத்தியமாகவில்லை. நல்ல விலைக்குப் போனது. இந்த எட்டாவது மாடி அந்தப் பணம்தான்.

மனைவி இறந்த பிறகு, ஒரு கல்யாண விருந்துக்காக அந்த விடுதிக்குப் போனேன். தோப்பு இல்லை, மேடு இல்லை. என் வீட்டை இடித்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்து மீன் சாப்பிடும் கூடம் கட்டியிருந்தார்கள். மேலே அறைகள். வாசலில் சென்னைக் கார்கள் வரிசையாக நின்றன. ஏழுமலை சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. குப்பத்தில் விசாரித்தேன். குடும்பத்தோடு வடக்கே காசிமேடு பக்கம் போய் வெகுநாள் ஆயிற்று என்றார்கள். மேற்கொண்டு தேட எனக்குத் துணிவு வரவில்லை.

செதில் ஒட்டியிருந்த பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். நாயகன் தன் முதல் கடையைத் திறக்கிறான். எதையும் முடிக்காமல் தராதவர் இதை மட்டும் அந்த இடத்தோடு நிறுத்தித் திருப்பிவிட்டார். மகனிடம் மற்றதையெல்லாம் போட்டுவிடச் சொன்னேன். இது மட்டும் என் கட்டிலருகே இருக்கிறது.

தோப்பு போயிற்று, ஜமுக்காளம் போயிற்று, அதில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. வாசற்படியில் செருப்பு விடுகிற வழக்கமும் போய்விட்டது. இந்த அடுக்ககத்தில் செருப்பை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. அன்றைக்கு என் வீட்டில் அப்படியொரு அலமாரி இருந்திருந்தால் ஏழுமலை என்னை நம்பிக்கொண்டே படியிறங்கிப் போயிருப்பார்.