தெருவுக்குப் பொதுவான போர்வெல்

முனைவர் பட்டத்துக்கு நான் முதலில் எடுத்துக்கொண்டது மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களை. பொதுச் சொத்தை மக்கள் தாங்களாகவே கூடி எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வுப் பொருள். காலையில் பஸ் ஏறி மேலூர் போவேன். மதகடியில் நின்று நாலு பேரிடம் பேசிவிட்டு, மாலையில் மதுரை காளவாசலுக்கு மேற்கே இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்புவேன்.

அப்படித் திரும்பிய ஒரு கோடை மாலையில் எங்கள் தெரு மோட்டார் ரூம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். சொந்த வீட்டுக்காரர்களுக்குத் தினமும் உண்டு. அந்த போர்வெல், தெருவில் முதலில் வீடு கட்டியவர்கள் பங்கு போட்டு இறக்கியது. அதை நடத்தும் சங்கமும் அவர்களுடையது. ஆனால் இப்போது தெருவில் பாதிக்கு மேல் என்னைப் போன்ற வாடகைக்காரர்கள். அந்தத் தாளைப் படித்துக்கொண்டு நின்றபோதே என் தலைப்பை மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

என் நெறியாளருக்கு அது பிடிக்கவில்லை. “நீங்க குடியிருக்கிற தெருவையே ஆராய்ச்சி பண்ணுவீங்களா? நடுநிலையா எழுதுனீங்களான்னு வைவாவுல கேப்பாங்களே?”

“கேக்கட்டும் சார். பதில் சொல்றேன்” என்றேன்.

சங்கத்தின் செயலாளர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, தொட்டி கழுவ ஆள் பிடிப்பது எல்லாம் அவர்தான். கூட்டத்தில் உட்கார்ந்து கவனிக்க அனுமதி கேட்டுப் போனேன்.

“வாடகைக்கு இருக்கவங்க கூட்டத்துக்கு வார வழக்கமில்லையே டீச்சர்” என்றார். நான் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்ததால் தெருவில் எனக்கு அந்தப் பெயர்தான்.

“பேச மாட்டேண்ணே. கேட்டுக்கிட்டு மட்டும் இருப்பேன்.”

யோசித்துவிட்டு, “சரி, வாங்க” என்றார்.

கூட்டத்தைக் கவனித்தது போக, வாடகை வீடுகளிலும் ஏறி இறங்கினேன். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். எதிர் வீட்டு மாடியில் தையல் மிஷின் போட்டிருந்த அக்காவிடம், “தண்ணி விடுற முறைய மாத்தணும்னா யாருகிட்டக்கா சொல்லுவீங்க?” என்று கேட்டபோது மிஷினை நிறுத்திவிட்டார்.

“அப்படிச் சொல்ல முடியுமா என்ன?”

“முடியுமா முடியாதான்னு நான் சொல்லக்கூடாது. உங்களுக்கு என்ன தோணுதுன்னுதான் கேக்குறேன்.”

“எனக்குத் தோணுதே” என்றார் அவர்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த அக்கா வந்துவிட்டார். கூடவே ஏழெட்டுப் பெண்கள். தெருமுனைப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் அவர்களுக்கு யாரும் இடம் விடவில்லை, படியில் உட்கார்ந்தார்கள். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். கூட்டம் பாதியில் கலைந்தது. செயலாளர் நேராக என்னிடம் வந்தார்.

“நீங்க படிக்க வந்தீங்களா, பத்த வைக்க வந்தீங்களா? இனிமே கூட்டத்துப் பக்கம் வராதீங்க.”

கொஞ்ச நாளிலேயே எங்கள் வீட்டு உரிமையாளர் மாடியேறி வந்தார். மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம், வீடு வேண்டுமாம். அந்த மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பது தெருவுக்கே தெரியும். நானும் என் கணவரும் கீழக்குயில்குடியில் ஒரு வீடு பிடித்துச் சாமான்களை ஏற்றினோம். வண்டியில் பீரோவைக் கட்டிக்கொண்டே கணவர் கேட்டார்: “இந்தத் தெருவ விட்டுரேன். மதுரையில வேற தெருவே இல்லையா?”

“இருக்கு. ஆனா கதவு சாத்துனது இந்தத் தெருவுலதான?”

அவருக்குக் கோபம்தான். ஆனாலும் மறுவாரம் என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு வைத்திருந்தார். மேலூருக்கே திரும்பிவிடச் சொன்ன நெறியாளரிடமும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்துக்குள் விடாவிட்டால் என்ன, தெருவில் நடப்பதை யாரும் தடுக்க முடியாதே. மளிகைக் கடை வாசலில் நின்றேன், மாடிகளில் பேசினேன். ஒருநாள் மோட்டார் எரிந்துபோனது. செயலாளர் கொளுத்தும் வெயிலில் ஆட்களோடு நின்று, போர்வெல்லுக்குள் கிடந்த மோட்டாரை வெளியே எடுக்கக் குழாய் குழாயாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். சொந்த வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “எப்பண்ணே தண்ணி வரும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். சாப்பிடக்கூடப் போகாமல் நின்ற அந்த மனிதர்மீது எனக்கிருந்த வருத்தம் அன்று வேறு மாதிரி ஆனது. பாரத்தைத் தனியாகச் சுமப்பவருக்கு, முடிவும் தன்னுடையதுதான் என்று தோன்றிவிடுகிறது. அதையும் எழுதினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது பல்கலைக்கழக விதி. தையல் அக்காவை நான்தான் அழைத்திருந்தேன். செயலாளர் தானாக வந்திருந்தார், தேய்த்த வெள்ளைச் சட்டையில். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டு முடித்துவிட்டு, பார்வையாளர்கள் யாராவது கேட்கிறீர்களா என்றார். செயலாளர் எழுந்தார்.

“எங்க தெருவப் பத்தி இம்புட்டு எழுதிருக்காங்க, எல்லாம் இங்கிலீஷ்ல. மோட்டார் எரிஞ்சன்னைக்கு வெயில்ல யாரு நின்னதுன்னு அதுல இருக்கா?”

“இருக்குண்ணே. நீங்க நின்னது இருக்கு. நீங்க எங்கள உள்ள விடாததும் இருக்கு.”

அரங்கில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “அப்ப தமிழ்ல குடுங்க. படிச்சுட்டுச் சொல்றேன்” என்று உட்கார்ந்தார்.

பட்டம் கிடைத்த பிறகு, தெருவைப் பற்றிய அத்தியாயத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். ஆய்வேட்டை எழுதியதைவிட அது கடினமாக இருந்தது. புத்தகச் சொற்கள் அத்தனையும் விலகிப்போய், யார் என்ன செய்தார் என்பது மட்டும் மிஞ்சியது. அதைக் கோயில் மண்டபத்தில் வாசிக்கச் செயலாளரே ஏற்பாடு செய்தார். வாடகைக்காரர்களும் வந்தார்கள்; கேட்க மட்டும் என்ற நிபந்தனையோடு.

வாசித்து முடித்ததும் அவர் இரண்டு திருத்தம் சொன்னார். போர்வெல் இறக்கிய விவரத்தில் ஒரு பிழை; உடனே சரி செய்தேன். இரண்டாவது, வாடகைக்காரர்களை வெளியே நிறுத்தியதைப் பற்றிய பகுதியையே எடுத்துவிட வேண்டும் என்றார்.

“எடுக்க மாட்டேண்ணே. அது நடந்தது.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, இருக்கட்டும். வாடகைக்கு இருக்கவங்களும் கூட்டத்துக்கு வரட்டும். ஆனா வாரவங்க வாய் மட்டும் பேசக்கூடாது. மோட்டார் போடுறதுல இருந்து தொட்டி கழுவுறது வரைக்கும் முறை வச்சுச் செய்யணும். எனக்கும் வயசாகுது.”

“செய்றோம்ணே” என்றார் தையல் அக்கா. “மொத வாரம் நாங்களே எடுத்துக்கிறோம்.”

சொந்த வீட்டுக்காரர்களில் சிலர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் கை தூக்கினார்கள். போன கோடையில் தண்ணீர் இறங்கியபோது எல்லா வீட்டுக்கும் ஒரே முறைதான். எல்லோருக்கும் போதவில்லை, சண்டையும் வந்தது. அந்தச் சண்டை மண்டபத்துக்குள், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

எங்கள் பழைய வீட்டு உரிமையாளர் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு மாடிக்கு ஏறுவேன். கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.