ஏழாம் அறையின் இரண்டாவது வரி

இது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. இரும்புக் கைப்பிடி எதைக் கண்டாலும் என் விரல்கள் இன்றும் ஒரு கணம் தயங்குகின்றன.

கணவர் பிரிந்துபோன பிறகு, நாற்பதைத் தொடும் வயதில் சி மொழி படித்து, ஒரு குளிர்பதனக் கிடங்கில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே ஏழு அறைகள். ஒவ்வொன்றிலும் தொங்கும் சென்சார், கோப்பில் ஒரு வரி எழுதும்: அறை எண், ஓர் இடம் விட்டு வெப்பநிலை. அதைப் படித்துத் திரையில் காட்டும் புரோகிராமை மறுநாள் காலை நான் ஓட்டிக் காட்ட வேண்டும். சொதப்பினால் வேலை இல்லை.

மாலை ஆறு பத்து. எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

ஓட்டினேன். ஏழுக்குப் பதில் எட்டு வரிகள். ஏழாம் அறை இரண்டு முறை வந்திருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். வயதில் என்னைவிடச் சின்னவள்தான். வேலையில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அக்கா.

“ஃபைல் முடிஞ்சுதான்னு கேட்டுட்டுப் படிக்கிறீங்களா? அது பஸ் போனப்புறம் கை காட்டுற கதை. படிச்சுப் பாத்தாதான் முடிஞ்சது தெரியும். வரியைப் படிக்கிற fscanf எத்தனை மதிப்பு எடுத்துச்சுன்னு பாருங்க. ரெண்டு இல்லன்னா நிறுத்திடுங்க.”

“அப்போ அந்த எட்டாவது வரி?”

“புதுசா ஒண்ணும் கிடைக்கலன்னா பழசே தங்கிடும். உங்க தப்புதான், பயப்படாதீங்க.”

திருத்தினேன். ஓட்டினேன்.

எட்டு வரிகள்.

அப்போதுதான் கவனித்தேன்... அது பழைய மதிப்பு இல்லை.

7 -18.2
7 31.4

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். அப்படி நினைத்தே வாழ்ந்து பழகியவள் நான். வடிவக் குறிகளைச் சரிபார்த்தேன். முதலில் முழு எண், பிறகு தசம எண். சரிதான். கோப்பையே திறந்து பார்த்தேன். ஏழே வரிகள்.

மறுபடி ஓட்டினேன்.

7 27.0

மறுபடி.

7 19.6

சூடான ஏதோ ஒன்று... ஆறிக்கொண்டிருந்தது.

டக்.

நடைபாதையின் கோடியில், ஏழாம் அறையிலிருந்து.

டக்... டக்.

உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம்.

ஓடினேன். கைப்பிடி தோலைக் கவ்வியது. இழுத்தேன்.

பனிப்புகை. அட்டைப்பெட்டிகள்.

யாருமில்லை.

சென்சார் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது...

தொட்டேன்.

கதகதப்பாக இருந்தது.

மறுநாள் அதே புரோகிராம் ஏழு வரிகளோடு ஒழுங்காக ஓடியது. வேலை உறுதியானது. மதியம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க சேர்றதுக்கு முன்னாடி, ஒரு லோடுமேன் அந்த ரூம்ல மாட்டிக்கிட்டார். கதவு உள்ளேர்ந்து திறக்கல. சென்சாரைக் கைக்குள்ள பொத்தி வச்சிருந்தார். வெளிய யாராவது நம்பரைப் பாப்பாங்கன்னு.”

“யாருமே பாக்கலையா?”

“பாத்தேன்” என்றாள். “புரோகிராம்ல தப்புன்னு நினைச்சு, அதைத் திருத்திக்கிட்டே இருந்தேன்.”