விருந்துக்குப் போகாத நீதிபதி

மொண்டெனேக்ரோவின் அந்த மலையூரில் நீதிபதியாக இருப்பதைவிட ஆடு மேய்க்கப் போகலாம் என்று ராதோமான் நொந்துகொள்ளாத நாளில்லை. வழக்கோடு வருகிறவர் ஒன்று அவர் மகனுக்கு ஞானத்தந்தையாக இருப்பார், இல்லையென்றால் மனைவியின் சித்தி மகனாக இருப்பார். வேண்டியவர் வழக்கை நீதிபதி விசாரிக்கக் கூடாது. அவர் விலகிக்கொள்வார், வழக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

போதும் இந்த உறவு என்று, ராதோமான் கல்யாணம், ஞானஸ்நானம், ஒவ்வொரு வீடும் தன் காவல் புனிதருக்கு எடுக்கும் திருநாள் விருந்து எல்லாவற்றுக்கும் போவதை நிறுத்தினார். தெருவெல்லாம் சுட்ட ஆட்டுக்கறி மணக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு முட்டைக்கோஸ் தின்றார்.

சில வருஷங்களில் பலன் கிடைத்தது. தங்கள் நில எல்லையில் நின்ற வால்நட் மரத்துக்காக அடித்துக்கொண்டு வந்த மிலேத்தாவும் பிளாகோயேவும் அவருக்கு எந்த வகையிலும் உறவில்லை. ராதோமான் குஷியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவரு விசாரிக்கக் கூடாதுங்க," என்றான் மிலேத்தா. "எம்மேல இவருக்குப் பகை. எங்க வீட்டுத் திருநாளுக்கு ஊரே கூப்பிடாம வந்து சாப்பிடுது, இவரு எட்டிக்கூடப் பாக்கல."

"உன் வீட்டுக்கும் வரலையா?" என்று திரும்பினான் பிளாகோயே. "எனக்கு மட்டுந்தான் அந்த அவமானம்னு நெனச்சேன்டா!"

"அப்படிப் போடு! வாடா, ஆளுக்கொரு கிளாஸ் பிளம் சாராயம் அடிச்சிட்டுப் பேசிக்கலாம். மரம் எங்க ஓடிடப் போகுது?"

இருவரும் தோளில் கைபோட்டபடி வெளியேறினார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ராதோமான் தீர்த்துவைத்த முதல் வழக்கு அது. குடிக்கப் போனவர்கள் ஒரு பேச்சுக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை.