ஏழாம் நம்பர் மலை இறங்கி வந்த பிற்பகல்

லிந்துலைப் பக்கத்து மழையை அழகு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கம்பளியை உலர்த்திப் பார்த்திருக்க மாட்டார்கள். வைகாசிக் கடைசியில் பிடிக்கும் மழை, ஆனி ஆடி இரண்டு மாதமும் பெய்துவிட்டு ஆவணியில்தான் மனம் இரங்கும். அதுவரை எங்கள் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், எதுவும் உலராது. அம்மா தன் கம்பளியை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிட்டுப் படுப்பாள். விடியும்போது அது சூடாக இருக்கும், புகை மணக்கும், ஆனால் ஈரமாகவே இருக்கும். அதைத் தலையில் போட்டு, கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டி, என்னை இடுப்பில் ஏற்றி, கம்பளியின் மிச்சத்தை என் மேல் இழுத்து மூடிக்கொண்டு இருட்டோடு புறப்படுவாள்.

எனக்கு அப்போது ஐந்து வயது. ஐந்து வயதுப் பையனை இடுப்பில் தூக்குவது நியாயமில்லை என்று பக்கத்துக் காம்பரா அத்தை தினமும் சொல்லுவார். கீழே விட்டால் அட்டை கடிக்கும் என்பது அம்மாவின் பதில். நியாயம் அத்தையின் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் நான் கம்பளிக்குள் பேசாமல் இருந்துவிடுவேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் உண்டு. இழைகளுக்கு நடுவே பனிமூட்டம் தெரியும். அதில் தேயிலைச் செடிகளும், ஒரு சவுக்கு மரமும், யாரோ ஒருவருடைய கால்களும் மிதந்து வந்து மிதந்து போகும். நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறோம், உலகம்தான் எங்களைக் கடந்து போகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் நாடகங்கள் நடந்ததும் அந்தக் கம்பளிக்குள்தான். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எதைச் சொல்வதற்கு முன்னும் இரண்டு முறை இருமுவார். மூன்றாகவும் இருக்காது, ஒன்றாகவும் இருக்காது. நான் இருமிக் காட்டுவேன். கங்காணி மூக்கால் பேசுவதையும், மருந்துக்கார ஐயா நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வேறெங்கோ பார்ப்பதையும் செய்து காட்டுவேன். அம்மா சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டாள். தோள் மட்டும் குலுங்கும். தோளில்தான் என் முகம் இருக்கும் என்பதால் அது எனக்குத் தெரிந்துவிடும்.

"வாயப் பொத்துடா. ஐயா காதுல விழுந்துச்சுன்னா ரெண்டு பேரையும் கொடியில காயப்போட்டுருவாரு" என்பாள்.

சாயங்காலங்களில் நான் கேள்வி கேட்பேன். அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பதில் சொல்லுவாள். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று கேட்டேன். மேகத்துக்குக் கங்காணி யார் என்று கேட்டேன். மேகத்துக்கு ஒரு கங்காணி இருந்திருந்தால் இப்படிக் கண்டபடி ஊற்றுமா என்று திருப்பிக் கேட்டாள். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்பெரிக்கும் வேலை பார்த்தார். வந்ததும் தூங்கிவிடுவார். ஆகவே எங்கள் வீட்டில் பேச்சு என்பது பெரும்பாலும் எங்கள் இருவருடையதுதான்.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைக் காம்பரா இருந்தது. மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை அங்கே ஆயம்மாவிடம் விட்டுச் செல்வார்கள். மற்றவை எல்லாம் ஏணையில் கிடக்கும் குழந்தைகள். பேசுவதற்கு எனக்கு ஆள் இல்லை. அந்த ஏகாந்தத்தில்தான் நான் கொம்பு ஊதக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் அப்போது சங்கு வைக்கவில்லை. பித்தளைக் கொம்பு ஒன்று இருந்தது. காலையில் பெரட்டுக்கும், மாலையில் கொழுந்து நிறுக்கவும் அதை ஊதுவார்கள். பனிமூட்டத்துக்குள் நிற்கும் பெண்களுக்குச் சூரியனும் இல்லை, கடிகாரமும் இல்லை, கொம்புதான் நேரம். அதை ஊதியவர் ஒரு முதியவர். மரம் வெட்டும்போது இடுப்பு முறிந்து, நொண்டி நடப்பவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. வேறு வேலை செய்ய முடியாதவருக்கு அந்தக் கொம்பினால்தான் தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில் பேர் இருந்தது. பேர் இருந்ததால் லயத்தில் ஒரு காம்பரா இருந்தது. எல்லாரும் அவரை மாமா என்று கூப்பிடுவார்கள்.

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஆயம்மாவின் பூசணிக் கொடி படர்ந்திருந்தது. பூசணி இலையின் தண்டை நறுக்கி, ஒரு பக்கத்தில் கீறிவிட்டு ஊதினால் சத்தம் வரும். இது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதன் வாயை அங்கே கிடந்த வெறும் தார்ப் பீப்பாய்க்குள் வைத்து ஊதினால் சத்தம் பெரிதாகி மலையில் மோதித் திரும்பி வரும் என்பது மட்டும் என் கண்டுபிடிப்பு. மாமா ஊதுவதுபோல முதலில் தாழ்ந்து, பிறகு ஏறி, கடைசியில் இழுத்து விட வேண்டும். வீட்டில் பீப்பாய் இல்லாமல் ஊதிப் பழகினேன். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். சாப்பாட்டுக்கு வந்த அம்மாமார் மலைக்குத் திரும்பி வெகுநேரம் ஆகவில்லை. சட்டென்று மழை நின்றது. பிறகு எங்கள் பக்கத்து மேகம் விலகி வெயில் விழுந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு என்று இப்போது சொல்ல முடியவில்லை. அந்தக் கணக்கு என்னிடம் இல்லாதது இன்றும் எனக்குக் குறைதான். தகரக் கூரைகளிலிருந்து ஆவி எழுந்தது. தேயிலைச் செடி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் மட்டும் பனிமூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அம்மா அதற்குள் இருந்தாள். ஆயம்மா வாசலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். குழந்தைகளும் தூங்கின. விழித்திருந்தவன் நான் ஒருவன். எனக்கு அம்மா வேண்டும்போல் இருந்தது. தண்டை நறுக்கிப் பீப்பாய்க்குள் வைத்து ஊதினேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பனிமூட்டத்தின் ஓரத்தில் ஒரு கூடை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. வெள்ளைக்குள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வெயிலுக்குள் வந்தார்கள். பேச்சுச் சத்தமே இல்லை. எனக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். இருபது முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். அம்மா இரண்டாவது கணக்கில் வந்தாள். கூடையின் கனத்தை வைத்தே நேரம் சொல்லக்கூடிய பெண்கள் அவர்கள். அன்று எந்தக் கூடையும் பாதிகூட நிறைந்திருக்கவில்லை.

கடைசியாகக் கங்காணி வந்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வானத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார்.

பெண்கள் கம்பளிகளைச் செடிகளின் மேல் விரித்தார்கள். சிலர் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா அத்தை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் பிழிந்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா புல்லில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் வயிற்றில் தலை வைத்துப் படுத்தேன். விரித்த கம்பளிகள் எல்லாவற்றிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது. அதன் வழியே பார்க்கும்போது மனிதர்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமா கொம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். யார் ஊதியது என்று கேட்டார்.

"நீங்க ஊதலயா மாமா?" என்றார் அத்தை, கால் விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அவரும் ஓரமாக உட்கார்ந்து இடுப்பை வெயிலுக்குக் காட்டினார்.

இரண்டு இருமல் கேட்டது. நான் இருமவில்லை. கண்டாக்கு ஐயா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். கூடைகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். குடித்துவிட்டு நேரம் தெரியாமல் ஊதியிருக்கிறார் என்று முடிவு கட்டினார். மாமா இல்லை என்றதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொம்பைக் கையோடு பிடுங்கிக்கொண்டார். நாளையிலிருந்து பேர் கிடையாது, காம்பராவையும் காலி பண்ண வேண்டியதுதான் என்றார். பெண்கள் கம்பளிகளை வாரிக்கொண்டு மறுபடி பனிமூட்டத்துக்குள் ஏறிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் நான் கண்டாக்கு ஐயாவைப்போல இருமிக் காட்டினேன். அம்மாவின் தோள் அசையவில்லை. அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் அவள் பேரைத்தான் வெட்டுவார்கள், இரண்டு நாள் போனால் ஐயாவே மனம் மாறுவார், பேசாமல் இரு என்றார் அப்பா.

"ரெண்டு நாளு அந்த மனுசன் எங்க போய்ப் படுப்பாரு?" என்று கேட்டாள் அம்மா.

மறுநாள் மழை. அம்மா என்னைப் பிள்ளைக் காம்பராவில் விடவில்லை. பூசணித் தண்டு ஒன்றைத் தானே நறுக்கி என் கையில் தந்து, பெரட்டுக் களத்துக்கு நடத்திக் கூட்டிப்போனாள். மாமா ஒரு பக்கம் தலை குனிந்து நின்றார்.

"ஐயாங்க, அவரு ஊதலீங்க. ஊதுனது எம்மவன்" என்றாள்.

ஐயா என்னைக் குனிந்து பார்த்தார். "இந்தப் பொடியனோ?"

அம்மா என்னை ஊதச் சொன்னாள். பீப்பாயையும் யாரோ உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் ஊத வேண்டும் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் உதடு குளிரில் விறைத்திருந்தது. தண்டும் தடித்துப்போன தண்டு. ஊதினேன். தொண்டை கட்டிய வாத்துபோல ஒரு சத்தம் வந்தது. அதுவும் பாதியில் நின்றது. எனக்கு அழுகை முட்டியது.

ஐயா இரண்டு முறை இருமினார். "இதைக் கேட்டோ ஒரு மலை ஆள் முழுக்க இறங்கி வந்தனீங்கள்?"

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "உன்ர பிள்ளையின்ர சத்தம் உனக்குத் தெரியாதோ? தெரிஞ்சும் ஏன் இறங்கி வந்தனி?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

முதலில் பேசியவர் கங்காணி. "அசல் கொம்பு மாதிரியேதாங்க இருந்துச்சு. எனக்கே வித்தியாசம் தெரியலீங்க" என்றார் மூக்கால்.

"இப்ப ஊதுனதும் அப்படியேதாங்க இருக்கு" என்றார் பக்கத்துக் காம்பரா அத்தை. ஆமாங்க, ஆமாங்க என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

கடைசியில் மாமா வாயைத் திறந்தார். "நானே ஏமாந்துட்டேங்க. நான்தான் ஊதித் தொலைச்சிட்டேனோன்னு ராத்திரி பூரா ரோசனையா இருந்துச்சு."

ஐயா எல்லாரையும் பார்த்தார். மழைக் காலத்துக் கொழுந்து மலையில் முற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் பேரை வெட்டலாம். ஒரு மலை ஆட்களின் பேரை வெட்டினால் கொழுந்தை எடுப்பது யார்? அவர் கொம்பை மாமாவின் கையில் கொடுத்தார். அம்மாவைப் பார்த்து, "இண்டைக்கு உனக்குப் பேர் இல்லை. வீட்டை போ" என்றார்.

நாங்கள் லயத்துக்குத் திரும்பினோம். ஏழாம் நம்பர் மலைக்குப் போகும் பெண்கள் குறுக்குப் பாதை பிரியும் இடத்தில் எங்களைக் கடந்து ஏறினார்கள். என்னைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கன்னத்தைக் கிள்ளினார்கள். தேத்தண்ணீருக்கு வைத்திருந்த கித்துள் கருப்பட்டியில் பாதியைக் கடித்து என் வாயில் வைத்தார் அத்தை. நான் ஊதியது அத்தனை நன்றாக இருந்திருக்கிறது, வாத்துச் சத்தம் எனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்டிருக்கிறது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. இனி மாமாவுக்குப் பதிலாக என்னையே ஊதச் சொல்லுவார்களோ என்றும் யோசித்தேன்.

"அம்மா, இன்னொரு நாளைக்கும் ஊதட்டுமா?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பி, மலை ஏறிப் போகிறவர்களைப் பார்த்தாள். அவர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே பனிமூட்டத்துக்குள் போயிருந்தார்கள்.

"வெயில் வரட்டும்டா" என்றாள்.

கொம்பு ஊதுவதற்கு வெயில் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மழையிலும் நன்றாகவே ஊதுவேன் என்று அவளிடம் வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே நடந்தேன்.