ஸ்டெபிலைசர் மேல் ஒரு செல்போன்

காலை ஏழே கால். வீட்டுக்காரரின் கூடத்தில் டி.வி. ஸ்டாண்டு, அதில் ஸ்டெபிலைசர், அதன் தலையில் செல்போன். நான் முதலில் பார்த்தது போனின் பின்மூடியை. ஒரு பக்கம் கழன்று நின்றது. உள்ளே பேட்டரி வீங்கிய ஈறுபோல் புடைத்திருந்தது.

அது 2005, மே மாதம். படூரில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கரென்ட் போய்ப் போய் வரும் ஊர் என்பதால் போனை எந்நேரமும் சார்ஜரிலேயே போட்டு வைப்பார்கள். அதற்கு இடம், நான் பார்த்த வீடுகளிலெல்லாம், ஸ்டெபிலைசரின் மேற்புறம்தான். தட்டையானது, பிளக்குக்குப் பக்கம், குழந்தைகளுக்கு எட்டாது. தொட்டால் சுடும் என்பதை ஒருவரும் பொருட்படுத்தியதில்லை.

வீட்டுக்காரரின் மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"பொண்ணுதான் முழுவாம கீறா. போனு ஏன்யா வயித்தத் தள்ளிக்கினு கீது?"

மகளைக் கருங்குழியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டாவது பிரசவம், நிறைமாதம். மருமகன் லாரியோடு வெளிமாநிலத்தில் இருந்தார். மகளின் மாமியாருக்குக் கண் தெரியாது. அவரைத் தனியே விட்டு மகள் இங்கே வரவும் முடியாது. வலி எடுத்தால் பக்கத்து வீட்டிலிருந்து போன் செய்வாள், இவர்கள் கார் பிடித்துப் போய்ச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று ஏற்பாடு. செல்போன் வந்ததும் லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மகளிடம் இருந்தது இந்த ஒரு நம்பர்.

வீட்டுக்காரர் பேட்டரியைக் கழற்றி, கட்டைவிரலை நக்கி, எச்சிலால் அதன் பித்தளை முனைகளைத் தேய்த்தார்.

முந்தைய ஆண்டு பத்திரிகை வேலையாகப் போன ஓர் ஆய்வுக்கூடத்தில், அறுத்துத் திறந்த இரண்டு பேட்டரி செல்களைப் பார்த்திருந்தேன். முழு சார்ஜில் நல்ல செல்லில், செப்புத் தகட்டின் மேல் பூசிய கிராஃபைட் பொன்னிறமாக இருக்கும். லித்தியம் அதன் அடுக்குகளுக்குள் புகுந்து உட்காருவதால் வரும் நிறம். கிழடான செல்லில் பொன்னிறம் திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. மீதியெல்லாம் சாம்பல் நிறப் பொருக்கு. இடுக்கி பட்டதும் செப்புத் தகட்டிலிருந்து சொறி பிடித்த தோல்போல் உரிந்து வந்தது. முதல் சார்ஜிலேயே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் படிகிறது. அளவோடு இருந்தால் அது காப்பு. சூட்டில் அது லித்தியத்தைத் தின்று தடித்துக்கொண்டே போகும். எதிர்ப்பக்கம் கோபால்ட் ஆக்சைடு துகள்களில் விரிசல் விழும். சார்ஜ் நிரம்பிய நிலையில் சூடும் சேர்ந்தால், உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும். உழைக்காமல் கிடந்தாலும் செல் கிழடாகும். நிரம்பிய வயிறோடு சூட்டில் கிடப்பதுதான் அதற்கு ஆகவே ஆகாதது. ஸ்டெபிலைசர் மேல் அது கிடந்தது அப்படித்தான்.

"புதுசு வாங்கிடுங்க" என்றேன்.

"கேளம்பாக்கத்துல காட்டிக்கினு வரலாம் சார்" என்றார் வீட்டுக்காரர்.

நானும் பேருந்துக்காகக் கேளம்பாக்கம் போக வேண்டியிருந்தது. சேர்ந்தே போனோம். செல்போன் ரிப்பேர்க் கடைக்காரர் வடை தின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆவல அண்ணாத்த. காத்து ரொம்பிக்கினு கீது. எறக்கிவுட்டா சரியாப்பூடும்."

பேட்டரியின் ஓரத்தில் ஊசியால் குத்தினார். தீப்பிடிக்கும் என்று நான் பின்வாங்கினேன், அவர் சிரித்தார். நகப்பூச்சு போன்ற, அடித்தொண்டையில் ஒட்டும் இனிப்பு நெடி எழுந்தது. கசிந்த ஈரத்தைப் பனியன் நுனியால் துடைத்தார், குறட்டில் வைத்து நசுக்கினார், மேலே 'ஒரிஜினல்' என்ற ஸ்டிக்கரை ஒட்டினார். அதே விரல்களால் மிச்ச வடையை எடுத்து வாயில் போட்டார்.

போன் உயிர் பெற்றது. திரையில் சார்ஜ் காட்டும் நான்கு கட்டமும் நிரம்பியிருந்தன. அந்தக் கட்டங்கள் வோல்டேஜைக் காட்டுகின்றன, எவ்வளவு தாங்கும் என்பதை அல்ல என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பேப்பர்ல எய்துறவங்களுக்கு எல்லாத்துலயும் தப்புதான் தெரியும் சார். ஃபுல்லு காட்டுது பாருங்க" என்றார். கடைக்காரரும் அவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மாலை நான் திரும்பியபோது போன் மறுபடி ஸ்டெபிலைசர் மேல் இருந்தது. மூடி லேசாகத் தூக்கியிருந்தது.

மறுநாள் துணைமின்நிலையத்தில் பராமரிப்பு வேலை. ஒன்பது மணிக்குக் கரென்டை நிறுத்தினார்கள். எனக்கு அன்று விடுமுறை. பத்து மணிக்குக் கீழே இறங்கியபோது திரை இருண்டிருந்தது. வீட்டுக்காரர் மறுபடி விரலை நக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். கேளம்பாக்கத்திலும் கரென்ட் இல்லை. கடை பூட்டியிருந்தது. சிம்மைப் போட்டுப் பார்க்க என்னிடமும் செல்போன் இல்லை.

மூன்று மணிக்கு மகளின் பக்கத்து வீட்டுக்காரர் பேருந்தில் வந்து இறங்கினார். வேட்டியில் ரத்தக்கறை இருந்தது.

"போனு அடிச்சு அடிச்சுப் பார்த்தோம். சுவிட்ச் ஆஃப்னே சொல்லிக்கினு இருந்துச்சு."

குழந்தை, செங்கல்பட்டு போகும் வழியில் படாளத்துக்கு அருகே, ஆட்டோவில் பிறந்திருந்தது.