எதிர் வீட்டுக்குப் போன மூன்றடுக்கு கேரியர்

இரண்டு வருடம் முன்பு, ஆடி மாதம். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு, இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த ஒரு குடும்பம் குடிவந்தது. கணவன், மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை. கையில் இரண்டு பைகள், ஒரு பாய். அவ்வளவுதான் சாமான்.

"ஆடியில யாராவது வீடு மாறுவாங்களா?" என்று தெருவே முணுமுணுத்தது. எனக்கு வந்ததே கோபம்! உயிர் பிழைத்து வந்தவர்கள் பஞ்சாங்கமா பார்ப்பார்கள்?

அன்றே மூன்றடுக்கு கேரியரில் சோறு, சாம்பார், பொரியல் என்று நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலை கேரியர் திரும்பி வந்தது. ஒரு அடுக்கில் சர்க்கரை, ஒன்றில் பருப்பு, ஒன்றில் முருங்கைக்கீரை. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் ஊரில் உள்ள வழக்கம்தானே? அவர்களுக்கும் அது இருப்பது தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தேன்.

அப்புறம் என்ன, தினமும் கேரியர் போனது. தினமும் நிறைந்து வந்தது.

"பார்த்துடி, அந்தப் பொண்ணு ஒன் கேரியரைப் பார்த்தாலே ஓடப் போவுது" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். எனக்கு எங்கே காதில் விழுந்தது?

ஒரு வாரம் கழித்து, பால்வாடியில் குழந்தையைச் சேர்ப்பது பற்றி அதன் அம்மாவிடம் பேச அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள். சர்க்கரையே இல்லை.

"சீனி முடிஞ்சுது அக்கா, குறை நினைக்காதேங்கோ" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று காலையில் வந்த கேரியரின் மேலடுக்கில் சர்க்கரைதானே இருந்தது? எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பா ஒரு வாரமாகக் குறையாமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் அவள் என் பாத்திரத்தில் போட்டு அனுப்பியிருக்கிறாள். அதுவும் மூன்று அடுக்குக்கு!

வற்புறுத்திக் கேட்டதும் சிரித்துக்கொண்டே சொன்னாள். "வெறுமையா அனுப்ப மனம் வரேல்லை அக்கா. விடிஞ்சா, இண்டைக்கு எதைப் போடுறது எண்டுதான் முதல் யோசனை."

வெட்கமாகப் போய்விட்டது. வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்தால் அவள் மனசு நோகும். கொடுக்காவிட்டால் குழந்தைக்குப் பாலில் போடச் சர்க்கரை இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

மறுநாள் வெறுங்கையோடு போய் நின்றேன். "எங்க வீட்ல இன்னிக்குக் கொழம்பு வைக்கல. ஒங்க ஊரு சொதி கொஞ்சம் ஊத்துறியா?"

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் வீட்டுக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால் மணக்க மணக்க ஊற்றிக் கொடுத்தாள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் வேண்டுமென்றே அவள் கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அவள் ஒரு கணம் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டு சிரித்தாள்.

அன்று சாயங்காலமே வாசலில் குரல். டம்ளரும் கையுமாக அவள் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் சீனி தாங்கோ."

கூச்சமில்லாமல் அவள் கேட்ட அந்த நிமிடம்தான் எங்கள் தெருக்காரி ஆனாள் என்று எனக்குத் தோன்றியது. இன்றுவரை எங்கள் இரண்டு வீட்டுக்கு நடுவே பாத்திரங்கள் வெறுமையாகத்தான் திரும்புகின்றன. இப்போதெல்லாம் யாருக்காவது உதவக் கிளம்பினால், அவர்களிடம் நான் கேட்டு வாங்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.