முதல் இரண்டு பக்கங்கள்

நீதிமன்ற வளாகத்தில் அவருக்கு ‘ரெட்டை வக்கீல்’ என்று பட்டப்பெயர். எதிர்த்தரப்பு பேச வேண்டியதையெல்லாம் இவரே முதலில் பேசிவிடுவார், அதுவும் அவர்களைவிட நன்றாக. நமக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று எதிர்வக்கீல் அவசர அவசரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். கட்டடம் முழுதாக எழும்பி நின்ற பிறகு இவர் அஸ்திவாரத்தில் கைவைத்து ஒவ்வொரு கல்லாக உருவுவார்.

கல் அரைக்கும் ஆலையில் கூரை விழுந்து ஒன்பது பேர் செத்த வழக்கில் இப்படித்தான் ஜெயித்தார். விதி என்றது நிர்வாகம். துருப்பிடித்த உத்தரத்தை விதியா வாங்கிப் போட்டது என்று கேட்டார் இவர். தீர்ப்பு வந்த அன்று தொழிலாளர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட, ஒரு செருப்பு கூட்டத்தில் தொலைந்தது. மற்றொன்றைக் கையில் பிடித்தபடி அவர் வீட்டுக்கு வந்து நின்ற கோலத்தை மனைவி வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதை எழுதினாலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். நடுவில் எவனும் தாளைச் செருகிவிடக் கூடாதாம். உருவிவிடலாம் என்பது மட்டும் அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

அறுபத்தொன்றாம் வயதில் அரசின் சட்ட ஆலோசகர் ஆனார். உள்ளே இருந்தால் நாலு தப்பையாவது தடுக்கலாம் என்று மனைவியிடம் சொன்னார். மூன்றாம் மாடியில் அறை கொடுத்தார்கள். ஏ.சி. ஒழுகும்; அதன் கீழே ஒரு வாளி. மேஜையில் இரண்டு தொலைபேசிகள், ஒன்று ஊமை.

அதற்குள் அந்த ஆலையை அரசே எடுத்துக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவ வண்டி வந்து தொழிலாளர்களின் நெஞ்சைப் படம் எடுக்கும். படங்கள் உறையில் போய்த் துறை அலுவலகத்தில் முடங்கும். எங்கள் படத்தை எங்களுக்குக் காட்டுங்கள் என்று தொழிலாளர்கள் கேட்க ஆரம்பித்ததும் கோப்பு இவரிடம் வந்தது. காட்டாமல் இருக்க அரசுக்கு அதிகாரம் உண்டா?

ஆறு பக்கத்தில் கருத்துரை எழுதினார். வழக்கம்போல முதல் இரண்டு பக்கமும் அரசின் தரப்பு: ஆவணம் அரசின் சொத்து, வெளியே போனால் பீதி பரவும், உற்பத்தி படுக்கும். மூன்றாம் பக்கத்தில் உருவ ஆரம்பித்தார். “படம் அரசுடையதாக இருக்கலாம். நெஞ்சு அரசுடையது அல்ல” என்று தொடங்கியது அந்தப் பக்கம். எழுதி முடித்தபோது அவருக்கே தன்மேல் ஒரு பிரியம் வந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவருடைய பழைய ஜூனியர் வீட்டுக்கு வந்தாள். பதினோரு வருஷம் அவருடைய வழக்குக் கட்டுகளைச் சுமந்தவள், இப்போது ஆலைத் தொழிலாளர்களின் வக்கீல். படத்தைக் கேட்டு அவர்கள் போட்ட வழக்கில், நீதிமன்றத்தில் அரசு கொடுத்திருந்த தாள்களை மேஜைமேல் வைத்தாள். இரண்டே தாள்.

“இது உங்க எழுத்துதான் சார். ஆனா நீங்க ரெண்டு பக்கத்துல நிறுத்துற ஆள் கிடையாதே. மீதி எங்க?”

அவர் தாளைப் புரட்டினார். இரண்டிலும் அடியில் அவருடைய கையெழுத்து அழகாக உட்கார்ந்திருந்தது.

அவளோடு ஆலையின் இயந்திரக்காரர் ஒருவரும் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

“அன்னைக்கு உங்களத் தூக்கினவன் நான்தாங்கய்யா. செருப்பு தொலைஞ்ச பாவம் என்னைத்தான் சேரும்.” சிரிக்கப் போனவர் இருமினார். “இப்ப ஒரு குடம் தண்ணி தூக்க முடியல. என் பொண்ணு அங்கயே சலிக்கிற பிரிவுல வேலைக்குப் போவுது. என் நெஞ்சுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா, அவள நிறுத்தறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன். அவ்வளவுதாங்கய்யா.”

திங்கட்கிழமை விசாரணை. கருத்துரை மொத்தம் ஆறு பக்கம் என்று அவர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், மீதியை நீதிபதியே வரவழைப்பார் என்றாள் ஜூனியர்.

அன்றே துறைச் செயலாளரிடம் போய்ச் சத்தம் போட்டார். செயலாளர் எழுந்து நின்று, நாற்காலி காட்டி, மரியாதையாகவே பேசினார்.

“மீதிய அரசு ஏத்துக்கல சார். ஏத்துக்கிட்ட வரைக்கும் கோப்புல இருக்கு. கையெழுத்து நாங்க போட்டதில்லையே, உங்களோடதுதானே?” பிறகு, பதவி ஏற்றபோது எடுத்த ரகசியக் காப்பு உறுதிமொழியையும் ஞாபகப்படுத்தினார். டீ வரவழைத்தார். இவர் குடிக்கவில்லை.

ஞாயிறு காலை பிரமாணப் பத்திரம் எழுத உட்கார்ந்தார். கை அதன் வழக்கப்படி முதலில் எதிர்த்தரப்பை எழுதியது. நான் ஏன் பேசக் கூடாது? கட்சிக்காரனின் ரகசியத்தை வெளியே சொல்லும் வக்கீலை நாளைக்கு எவன் நம்புவான்? கொடுத்த உறுதிமொழி என்ன ஆவது? நான் போனால் இந்த நாற்காலியில் என்னைவிட மோசமான ஒருவன் வந்து உட்காருவான். தொழிலாளர்களுக்கோ மேல்முறையீடு இருக்கிறது. இரண்டு பக்கம் நிறைந்தது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியதை ஒருமுறை படித்தார். ஓட்டை தேடினார். நாற்பது வருஷமாக அடுத்தவன் வாதத்தில் எத்தனையோ ஓட்டை கண்டுபிடித்தவருக்கு, தன்னைக் காப்பாற்றும் வாதத்தில் ஒன்றுகூடத் தென்படவில்லை.

“முடிச்சிட்டீங்களா?” என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி.

வெற்றுத் தாளைப் பார்த்தபடி இருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

“முடிச்சிட்டேன்.”

திங்கட்கிழமை தொழிலாளர்களின் மனு தள்ளுபடியானது. இவ்வளவு அனுபவமுள்ள வழக்கறிஞரே அரசுக்கு அதிகாரம் உண்டு என்று கருதியிருக்கும்போது, என்று தொடங்கியது தீர்ப்பின் முக்கியமான வாக்கியம்.

அந்த மாதக் கடைசியில் மருத்துவ வண்டி ஆலைக்கு வந்தது. சலிக்கும் பிரிவுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். இயந்திரக்காரரின் மகள் முறை வந்ததும், மூச்சை இழுத்து அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள். படம் உறைக்குள் போய், ஆலோசகரின் அறைக்கு நேர் கீழே இருக்கும் இரும்பு பீரோவில் சேர்ந்தது. சாவி செயலாளரிடம் இருந்தது.